தையலுக்கு விட்ட அரை இஞ்சு

மாரிக்கனியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாய் முதல் பஸ்ஸில் போய்விடும், புத்தி அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஆற அமர வந்து சேரும். பெயர் சத்யப்பிரியா. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தைத் தாண்டி சோழபுரம் போகிற வழியில் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேரக் கைத்தொழில் ஆசிரியை. நான் படித்தது தையல். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை என்று எடுத்தார்கள். பதின்மூன்று வருடமாகியும் அந்த மூன்று அரைநாள் ஒரு முழுநாளாகக்கூட வளரவில்லை. அது வேறு கதை, அதைத் தொட்டால் இப்போதே கோபம் வந்துவிடும்.

மாரிக்கனியக்கா எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. சுந்தரபாண்டியத்தில் பிறந்து, சோழபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். கணவர் வேல்பாண்டி பஞ்சாலையில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஏழாம் வருடம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். கையில் நாலு வயது மகள். கணவரை இழந்தவர் என்ற முறையில் இந்த வேலை கிடைத்தது. புருசன் போய்விட்டாரே என்று அழுததைவிட, முதல் நாள் நூற்றைம்பது பேருக்கு எவ்வளவு உப்பு என்று தெரியாமல் அழுததுதான் அதிகம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது நடந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. மகள் கல்பனா கல்யாணமாகி ஆலங்குளத்தில் இருக்கிறாள். அக்கா தனியாக இருக்கிறார், காலை எட்டரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டைத் திறந்துவிடுவார்.

அவருடைய அரிவாள்மணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆடிப்பூரத் தேரன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக் கடையில் வாங்கியது. மணைக்கட்டை இரண்டு தடவை மாறியிருக்கிறது, அரிவாள் அதேதான். ஒரு காலை மடக்கி, இன்னொரு முழங்காலை மணைமேல் போட்டு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், கத்தரிக்காயும் வெங்காயமும் தானாக வந்து அரிவாளில் விழுந்து துண்டாவது போல இருக்கும். கையைப் பார்க்கவே மாட்டார். பார்வை வாசலில் இருக்கும். சமையல்கட்டின் தகரக் கதவு அடியில் இற்றுப்போய் ஒரு முழம் திறந்து கிடக்கும். தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது வழியாகப் பிள்ளைகளின் கால் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்தே யார் லேட், யாருக்குச் செருப்பு அறுந்துவிட்டது, யார் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். பசியோடு வருகிற கால் தரையைத் தேய்க்குமாம். அப்படித் தேய்த்த காலுக்குரியவனை இன்டர்வெல்லில் கூப்பிட்டு, ஏலே இங்க வா என்று ஒரு கை பொரிகடலையைக் கொடுத்து அனுப்புவார்.

போன கோடை விடுமுறையில் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் மினிபஸ் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தார். முழங்காலில் அடி. ராஜபாளையத்தில் டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, நடக்கலாம், நிற்கலாம், ஆனால் இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். அடுப்பு பிரச்சினை இல்லை. கேஸ் அடுப்பு மேடைமேல் இருக்கிறது. அரிவாள்மணை தரையில் அல்லவா இருக்கிறது? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கா டாக்டர் பேச்சைக் கேட்காமல் உட்கார்ந்துதான் பார்த்தார். இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. முழங்கால் பன் ரொட்டி மாதிரி வீங்கிப்போனது. உதவியாளர் போஸ்ட் மூன்று வருடமாகக் காலி. முதல் வாரத்திலேயே இரண்டு நாள் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம்.

சத்துணவு அமைப்பாளர் தங்கப்பாண்டியன் மூன்று பள்ளிக்கூடத்தைச் சேர்த்துப் பார்க்கிறார். கெட்டவர் இல்லை. அக்காவை வாய் நிறைய யக்கா என்று கூப்பிடுகிறவர்தான். ஆனால் மேலே கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பள்ளிக்கூடத்து வேப்பமர அடியில் நின்று, என் காது கேட்கவே சொன்னார், அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வருகிறேன், அன்றைக்கு வெஜிடபிள் பிரியாணி, வாரத்திலேயே அதிகம் அரிய வேண்டிய நாள், பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாடு இறங்கிவிட்டால் நான் ஒன்றும் எழுதமாட்டேன், இறங்காவிட்டால் உடம்பு முடியவில்லை, வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று நீங்களே ஒரு லெட்டர் கொடுத்துவிடுங்கள், நானே டைப் பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று. அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

அவர் போன பிறகு நான், மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதானே அக்கா, எத்தனை வருடம் உழைத்தாயிற்று என்று கேட்டுவிட்டேன். வாய் முதல் பஸ்.

"மக வீட்டுல போயி உக்காரவா?" என்றார் அக்கா. "உக்காரத்தான டீச்சர் டாக்டரு வேண்டாங்காரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் எனக்குக் காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாது டீச்சர் என்று.

அந்த வாரம்தான் மேலிடத்திலிருந்து மரவேலைப் பெட்டி வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குத் தொழில் அறிமுகமாம். பெட்டிக்குள் ரம்பம் இரண்டு, இழைப்புளி ஒன்று, உளி மூன்று, சுத்தியல், பலகையை மேசையோடு சேர்த்துத் திருகி இறுக்குகிற இரும்பு கிளாம்ப் இரண்டு, ஒரு கட்டு உப்புத்தாள், படம் போட்ட ஒரு புத்தகம். தலைமை ஆசிரியர் சங்கையா சார் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினார். சார், நான் தையல் என்றேன். கைத்தொழில்னா எல்லாம் கைத்தொழில்தானே டீச்சர் என்றார். எரிச்சலில் புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் புரட்டிப் பார்த்தேன். சாவி மாட்டும் பலகை, போட்டோ சட்டம், பேனா ஸ்டாண்ட், மொபைல் வைக்கும் மேடை, காய்கறி வெட்டும் கட்டிங் போர்டு. கடைசிப் படத்தைப் பார்த்ததும் எரிச்சல் போய்விட்டது. ஒரு மேசை, அதன்மேல் நல்ல கனமான கட்டிங் போர்டு, ஒரு கத்தி. அக்கா நின்றுகொண்டே வெட்டலாம். டி.வி.யில் எல்லோரும் அப்படித்தானே வெட்டுகிறார்கள்?

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆயாம்மாவுக்கு என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. இருபது பேர், ஐந்து குழு, ஐந்து பலகை. நல்லதாக வருவதை ஆயாம்மாவுக்குக் கொடுப்பதாக முடிவு. போன ஐப்பசிக் காற்றில் விழுந்த இன்னொரு வேம்பைச் சங்கையா சார் மரவாடியில் கொடுத்துப் பலகையாக அறுத்து, காய அடுக்கி வைத்திருந்தார். வேம்பென்றால் பிரியாணி கசக்குமே என்று ஒரு சந்தேகம் எழுந்தது. ஜெபின் என்கிறவன் பலகையை நக்கிப் பார்த்து, கசக்கல டீச்சர் என்று சர்டிபிகேட் கொடுத்தான்.

நான் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டு போய் மறுநாள் சொல்லிக்கொடுத்தேன். பாதி எனக்கே புரியவில்லை. இழைப்புளியை மர வரிக்கு எதிராகத் தள்ளினால் பலகை செதில் செதிலாகப் பிய்கிறது என்பதை நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம்.

முதல் தப்பு என்னுடையது. புத்தகத்தில் அளவு பதினாலுக்கு ஒன்பது இஞ்ச். கைப்பையில் இருந்த தையல் சாக்பீஸை எடுத்து முதல் பலகையில் பதினாலுக்கு ஒன்பது கோடு போட்டேன். கை நிற்கவில்லை. இருபது வருடப் பழக்கம், அதைச் சுற்றி அரை இஞ்சு தள்ளி இன்னொரு கோட்டையும் போட்டுவிட்டது. என்னைப் பார்த்து ஐந்து குழுவும் இரண்டு கோடு போட்டார்கள். எந்தக் கோட்டில் அறுக்கணும் டீச்சர் என்று கேட்டான் சங்கிலிப்பாண்டி. வெளிக்கோட்டில்தான் வெட்டணும், உள்கோடு தையலுக்கு என்றேன். ஐந்து பலகையும் அறுத்து முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, மரத்தில் என்ன தையல்? சங்கையா சார் வந்து பார்த்தார். பிள்ளை வளந்தா பலகையப் பிரிச்சு விடலாம்னு பாத்தீங்களா டீச்சர் என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டு போனார். இரண்டு நாள் அவர் இருக்கிற பக்கமே நான் போகவில்லை. மறுபடி அறுக்க நேரமும் இல்லை. பதினைந்துக்குப் பத்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது தப்பிலும் எனக்குப் பங்கு உண்டு. புத்தகத்துப் படத்தில் பலகையின் ஒரு ஓரத்தில் ஆணியில் தொங்கவிட முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை இருந்தது. துணியில் வருகிற கோடு எனக்குக் கரும்பலகையில் வராது. ஒரு சின்னக் கீறல் மாதிரி வரைந்து, இங்கே உளி வைத்து ஓட்டை போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட ஆபீஸ் அறைக்குப் போனேன். திரும்பி வந்தால் நாலு குழு ஏதோ வட்டமாகத் தோண்டியிருந்தது. விஜி என்கிறவளின் குழு மட்டும் நீளவாக்கில், இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தி நுழைகிற மாதிரி ஒரு பொந்து போட்டிருந்தது. மேலிருந்து அடிவரைக்கும் ஒரே சீர். அடிப்பக்கம் ஆப்பு அடிக்க லேசாக அகட்டியும் விட்டிருந்தாள். இது என்னட்டி என்று கேட்டேன்.

"அருவா மாட்டுறதுக்கு டீச்சர். வெறும் பலகைய வச்சு என்னத்த அரியுறது?"

அவள் வீட்டில் அரிவாள்மணைதான். வெறும் கட்டையில் வைத்து வெட்டுவதை அவள் பார்த்ததெல்லாம் கறிக்கடையில். இங்கே பாதிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதும்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இரண்டு வாரம்தான் மிச்சமிருக்கிறது. ஆயாம்மா தரையில் உட்கார முடியவில்லை என்றுதானே இதைச் செய்கிறோம், நீ மறுபடி அரிவாள்மணையையே செய்து வைத்திருக்கிறாயே, காது என்ன அடைத்துப்போச்சா, கழுதை என்று வகுப்புக்கு முன்னால் கத்திவிட்டேன். விஜி சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மதிப்பெண் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருபதுக்கு ஐந்து போட்டேன். அந்தப் பலகையை, மரவேலை நடக்கிற ஷெட்டின் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தேன்.

மிச்ச நாலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, வெயிலில் காட்டாமல் காயவைத்து, நல்லதாக ஒன்றை எடுத்தோம். வியாழக்கிழமை காலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை டெஸ்க் ஒன்றைச் சமையல்கட்டில் கொண்டுபோய்ப் போட்டு, பலகையை வைத்து, ராஜபாளையத்தில் நானே வாங்கிய ஒரு புதுக் கத்தியையும் வைத்தேன். பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா பலகையைத் தடவிப் பார்த்தார். எம்புட்டு வழுவழுன்னு செஞ்சிருக்கு என்று ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். பிறகு கத்தியை எடுத்தார்.

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, ஒரு கைக்கு இருபத்தாறு வருடம் என்றால் என்னவென்று. அரிவாள்மணையில் அரிவாள் அசையாது, காய்தான் அதனிடம் போகும். இங்கே காய் அசையாமல் இருக்கிறது, கத்தி நகர்கிறது. அக்கா கேரட்டைக் கத்தியை நோக்கித் தள்ளினார். கத்தியைப் பிடித்த கை எதிர்ப்பக்கம் நின்றது. பழக்கப்படி பார்வை வாசலுக்குப் போனது. அரைக் கிலோ கேரட்டுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இடது கை ஆள்காட்டி விரலில் வெட்டு. ஆழம் இல்லை, ஆனால் ரத்தம் நிற்காமல் வந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் காயை நானும் சங்கையா சாருமாக அரிந்தோம். சாப்பாடு ஒரு மணிக்கு. திங்கட்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு வேலைநாள்தான் பாக்கி.

சாயங்காலம் மணி அடித்த பிறகு, விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா ஷெட்டுக்கு வந்தார். பலகையைக் கழுவித் துடைத்துக் கையில் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் ஆசையாகச் செய்தது, ரத்தம் பட்டுவிட்டது, கழுவிவிட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். இன்னும் கொஞ்சம் பழகினால் வந்துவிடும் என்று நான் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் சொன்னேன்.

"கத்தி காய்கிட்ட போகுது டீச்சர். எனக்குக் காயிதான் கத்திகிட்ட வரணும்," என்றார். "பொறவு இந்த வயசுல கைய மாத்திக்கிட முடியுமா?"

திரும்பிப் போகும்போதுதான் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பலகையில் அவர் கால் இடித்தது. குனிய முடியாதே, காலாலேயே அதை நிமிர்த்தப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவர் அந்தப் பொந்துக்குள் விரலை விட்டார். திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். இது யார் செய்தது என்று கேட்டார். எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாத ஒரு பிள்ளை, விஜி என்றேன். எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

"இந்தப் புள்ளைக்குத்தான் என் சங்கதி தெரிஞ்சிருக்கு," என்றார் அக்கா.

அரிவாளைத் தரையிலிருந்து எடுத்து டெஸ்க்மேல் வைத்தால் என்ன? அவ்வளவுதான் விஷயம். கத்தி வேண்டாம். மேசைமேல் அரிவாள்மணை. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லை, சங்கையா சாருக்குத் தோன்றவில்லை, அக்காவுக்கே தோன்றவில்லை. அரிவாள்மணை என்றால் தரை என்று எல்லோர் மண்டையிலும் ஆணி அடித்து வைத்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலைநாள் இல்லை. இருந்தாலும் போனேன். அக்கா கொல்லுப்பட்டறையில் கொடுத்துப் பழைய கட்டையிலிருந்து அரிவாளைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அரிவாளின் அடியில் குறுக்காக ஓர் இரும்புப் பட்டை உண்டு, பழைய கட்டையின் அகலத்துக்குச் சரியாக ஒன்பது இஞ்ச். விஜியைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிவாளின் அடிமுனையைப் பொந்துக்குள் இறக்கினாள். கொஞ்சம் லூசாக இருந்தது. வேப்பஞ்சில்லு ஒன்றைச் சீவி, கீழேயிருந்து ஆப்பு அடித்தாள். பட்டை பலகைமேல் படிந்து உட்கார்ந்தது. டெஸ்க்மேல் தூக்கி வைத்தோம். அக்கா நின்றபடி ஒரு வெங்காயத்தை எடுத்து அரிவாளுக்குக் கொண்டுபோனார். வெங்காயம் வெட்டுப்படவில்லை. பலகைதான் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது.

"தரையில முழங்கால் போட்டு அமுக்குவேன். இங்க எந்த முழங்காலைப் போட?" என்றார் அக்கா. குரல் இறங்கிப்போயிருந்தது.

விஜிதான் பெட்டியிலிருந்து இரண்டு கிளாம்பையும் எடுத்து வந்தாள். பலகையை டெஸ்கோடு சேர்த்து இரண்டு பக்கமும் திருகி இறுக்க வேண்டும். ஆனால் அரிவாளைத் தாங்குகிற இடத்தில், பட்டையின் இரு நுனியை ஒட்டித்தான் இறுக்க வேண்டும். வேறெங்கே இறுக்கினாலும் முன்பக்கம் எம்பியது. பட்டைமேல் வைத்தால் இரும்பும் இரும்பும் வழுக்கியது. பட்டைக்கு வெளியே பலகையில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று விஜி விரலால் அளந்து பார்த்தாள். அந்தப் பக்கம் அரை இஞ்சு. இந்தப் பக்கம் அரை இஞ்சு. கிளாம்பின் வாய் அதில் போய்க் கச்சிதமாகக் கவ்வியது. விஜி பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். நான் பலகையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். டெஸ்க்தான் ஆடியதே தவிர பலகை அசையவில்லை. புத்தகத்தில் சொன்ன ஒன்பது இஞ்சுக்கு ஒழுங்காக அறுத்திருந்தால் கிளாம்புக்கு வாய் வைக்க இடம் இருந்திருக்காது. இது எனக்கு அப்போதே தெரிந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தங்கப்பாண்டியன் பத்து மணிக்கே வந்துவிட்டார். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, சமையல்கட்டு வாசலில் நின்றார். சட்டைப்பையில் மடித்த தாள் தெரிந்தது. அக்கா வணக்கம் சொல்லிவிட்டு டெஸ்க் முன்னால் நின்றார். கட்டுப் போட்ட விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு கேரட்டை எடுத்தார். முதல் பத்துப் பதினைந்து கேரட் கொஞ்சம் தடுமாற்றம்தான். நிற்கிற உயரத்துக்குத் தோள் பழக வேண்டியிருந்தது. அப்புறம் பழைய வேகம் வந்துவிட்டது. பீன்ஸ், வெங்காயம், தக்காளி என்று பாத்திரம் பாத்திரமாக நிறைந்தது. கையைப் பார்க்கவில்லை. பார்வை எங்கே போனது என்று பார்த்தேன். நிற்கிறவருக்கு வாசல் கதவின் அடி தெரியாது, ஜன்னல்தான் தெரியும். ஜன்னல் வழியாகப் பிள்ளைகளின் முகம் தெரிந்தது.

"டீச்சர், சங்கிலிப்பாண்டிக்கு மீசை மொளைக்குது, பாத்தியளா?" என்றார்.

பத்து ஐம்பதுக்கு அரிந்து முடித்தார். பன்னிரண்டு ஐந்துக்குப் பிரியாணி இறங்கியது. தங்கப்பாண்டியன் உள்ளே வந்து பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கிளாம்பைத் தொட்டுப் பார்த்தார், இதை என்னவென்று எழுதுவது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தட்டில் பிரியாணி வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். உப்பு ஒரு கல்லு கம்மி யக்கா என்றார். சட்டைப்பையில் இருந்த தாளை எடுக்கவே இல்லை. அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போய், எல்லோருக்கும் முன்னால் கத்தியவள் எல்லோருக்கும் முன்னால்தானே சொல்ல வேண்டும், விஜி செய்தது சரி, நான்தான் புரிந்துகொள்ளவில்லை, கழுதை என்றது தப்பு என்று சொன்னேன். பதிவேட்டில் ஐந்தை அடித்து இருபது போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பொந்தை இன்னும் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கணும் டீச்சர், ஆப்பு வேண்டியிருந்திருக்காது என்றாள்.

மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவிய பிறகு சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளாம்பு கவ்வியிருந்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே, எல்லாம் பட்டைக்குச் சரியா இருக்கு, இந்த ஓரம் மட்டும் எதுக்கு விட்டது டீச்சர் என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. சொன்னேன். அது தப்பு அக்கா, துணி வெட்டுகிற பழக்கத்தில் கை தானாகக் கோடு போட்டுவிட்டது, துணியில் தையலுக்கென்று சுற்றிலும் அரை இஞ்சு விடுவோம், அதை விடாமல் வெட்டினால் எதையும் எதோடும் சேர்த்துத் தைக்க முடியாது, சங்கையா சார்கூடக் கேலி பண்ணினார் என்றேன்.

அக்கா அப்பிடியா என்று கேட்டுக்கொண்டு துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தையலுக்கு விட்ட எடத்துலதான் டீச்சர் இப்ப நான் நிக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதின்மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் என் வேலையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா பயந்துபோய், என்னாச்சு டீச்சர், செத்த உக்காருங்க என்று டெஸ்கோடு கிடந்த பெஞ்சை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது பத்தாம் வகுப்புக்கும் மரவேலை என்னிடம்தான் வந்திருக்கிறது. சாவி மாட்டும் பலகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது சங்கையா சார் அந்தப் பக்கம் வந்தார், இரண்டாவது கோட்டைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வெளிக்கோட்டில் அறுக்கச் சொன்னேன்.